உறவுக்காரர் வெளிநாட்டில்: பாதுகாப்புச் சரிபார்ப்பு எதை எடைபோட வேண்டும்?

மத்திய அரசு வேலை கிடைத்த எவரும் பணியில் சேருவதற்கு முன் நிரப்பித் தர வேண்டிய தாள் ஒன்று உண்டு. அலுவலகங்களில் அதை ‘அட்டெஸ்டேஷன் ஃபார்ம்’ என்றே சொல்வார்கள். அப்பா, அம்மா, கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தவர்கள் என ஒவ்வொருவரின் பெயரையும், குடியுரிமை, பிறந்த ஊர், தொழில், இப்போதைய முகவரி ஆகியவற்றையும் அதில் எழுத வேண்டும். இறந்துபோனவராக இருந்தால் கடைசியாக இருந்த முகவரி வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் படித்தாலோ வசித்தாலோ அதற்குத் தனியாக ஒரு கட்டம்: எந்த நாடு, முழு முகவரி என்ன, எந்தத் தேதியிலிருந்து. விண்ணப்பதாரர் தாமே வெளிநாட்டில் தங்கியிருந்தால் அந்த விவரத்தைக் கேட்கும் வரியில் ‘பாகிஸ்தான் உட்பட’ என்று அடைப்புக்குறிக்குள் அச்சிட்டிருக்கிறார்கள். பிரிவினையின் சூடு ஆறாத காலத்து அச்சம் அந்த வரியில் இன்னும் தங்கியிருக்கிறது. அணுசக்தித் துறை போன்ற இடங்களில் இதோடு முடிவதில்லை. சிறப்புப் பாதுகாப்புக் கேள்வித்தாள் ஒன்றும் சேரும். பிறகு கோப்பு காவல்துறைக்கும் உளவுத்துறைக்கும் போகும். என்ன கேட்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். துபாயில் இருக்கும் அண்ணனுக்கும் டெக்சஸில் இருக்கும் அக்காவுக்கும் அந்தக் கோப்பில் என்ன எடை என்பதுதான் விண்ணப்பதாரருக்குத் தெரிவதில்லை. உறவு வெளிநாட்டில் இருப்பதையே ஒரு குறையாக எண்ணுவது பாதுகாப்புக்கு உதவாது, அந்த உறவின் வழியே யார் யாரை நெருக்க முடியும் என்று பார்ப்பதே உதவும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மும்பைத் தமிழருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. செம்பூரைத் தாண்டினால் டிராம்பே. அங்கே பாபா அணு ஆராய்ச்சி மையம், அருகே அதன் ஊழியர் குடியிருப்பான அணுசக்தி நகர். விஞ்ஞானியாக, வெல்டராக, ஸ்டெனோவாக, ஆய்வக உதவியாளராகத் தமிழர் பல தலைமுறையாக அங்கே வேலை பார்த்து வருகிறார்கள். சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம் அந்த மையத்தின் இயக்குநராகி, 1993 முதல் 2000 வரை அணுசக்தி ஆணையத்தின் தலைவராகவும் இருந்தார். நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் மஸகான் டாக், கடற்படைத் தளம், உள்ளே நுழையும் பாஸுக்கே பின்னணி விசாரணை தேவைப்படும் விமான நிலையம் என்று இந்த நகரத்தில் சரிபார்ப்பு வழியே போக வேண்டிய வேலைகள் நிறைய. இன்னொரு பக்கம் இந்தக் குடும்பங்களின் உறவுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கமிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்து மாட்டுங்காவில் குமாஸ்தாக்களாகக் குடியேறியவர்களின் பிள்ளைகள் 1970-களிலிருந்து அமெரிக்கா போனார்கள். திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்குத் தாராவி வந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறை வளைகுடாவுக்கு விமானம் ஏறியது; அந்நாளில் வளைகுடாவுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுகளின் பெரிய சந்தையே மும்பைதான். தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு சென்றவர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்று 2015-ல் எடுத்த தமிழ்நாடு புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. இந்தியக் குடியுரிமையைத் துறந்தவர்கள் 2022-ல் மட்டும் 2.25 லட்சம் பேர் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொல்லியிருக்கிறது. இப்படிப்பட்ட சமூகத்தில் ‘வெளிநாட்டில் உறவினர் உண்டா’ என்ற கேள்விக்கு ‘உண்டு’ என்பதே இயல்பான பதில். பெரும்பாலோர் தரக்கூடிய ஒரு பதிலை எச்சரிக்கை மணியாக வைத்துக்கொண்டால் அந்த மணி ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். ஆபத்து நிஜமாக வரும் நாளில் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

இந்தியாவில் அமெரிக்காவைப்போல ஒவ்வொரு தனிமனிதருக்கும் படிப்படியாகத் தரம் பிரித்துப் பாதுகாப்பு அனுமதி வழங்கி, அதற்கான அளவுகோல்களையும் அச்சிட்டு வெளியிடும் ஏற்பாடு இல்லை. நடத்தையும் பூர்வோத்திரமும் சரிபார்க்கப்படும். ‘பாதகமாக ஏதுமில்லை’ என்று வந்தால் வேலை, வேறு மாதிரி வந்தால் இல்லை. அமெரிக்கா 2017 முதல் நடைமுறையில் வைத்திருக்கும் வழிகாட்டியில் 13 தலைப்புகள் உண்டு. அவற்றில் இரண்டாவது அந்நியச் செல்வாக்கு. உறவினர் எந்த நாட்டில் இருக்கிறார், அந்நாட்டு அரசோடு அவருக்குத் தொடர்பு உண்டா, பேச்சுவார்த்தை எப்போதாவதா அடிக்கடியா, விண்ணப்பதாரரின் வேர்கள் அமெரிக்காவில் எவ்வளவு ஆழம் என்று அது வரிசையாகக் கேட்கிறது. பாதகம் எது என்று சொல்வதோடு, அந்தப் பாதகத்தைத் தணிப்பது எது என்றும் அதே பக்கத்தில் சொல்கிறது. அமெரிக்க முறையைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. சந்தேகம் மிஞ்சினால் அரசின் பக்கமே தீர்ப்பு என்பது அதன் அடிப்படை; அனுமதியை யாரும் உரிமையாகக் கோர முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 1988-ல் சொல்லிவிட்டது. ஆனாலும் என்ன எடைக்கல் வைத்து நிறுக்கிறார்கள் என்பது விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே தெரியும். ஒரே குடும்பத்தை இரண்டு முனையிலிருந்தும் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். அப்பா டிராம்பேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மகள் அமெரிக்கக் குடிமகளாகி அங்கே பாதுகாப்புத்துறை சார்ந்த நிறுவனத்தில் வேலைக்கு மனு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவர் நிரப்பும் படிவம், வெளிநாட்டு உறவினர் யாராவது அந்நாட்டு அரசோடு தொடர்புடையவரா என்று கேட்கும், அப்பாதான் பதில். இங்கே தம்பி டிராம்பேயில் சேர மனு செய்தால் அக்காதான் பதில். இருவரில் எவரும் எந்தத் தவறும் செய்யவில்லை. 1998 அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பின் சிதம்பரத்துக்கே அமெரிக்கா விசா மறுத்தது. அமெரிக்காவின் ஏற்றுமதித் தடைப் பட்டியலிலிருந்து டிராம்பே மையம் நீக்கப்பட்டது 2025 ஜனவரியில்தான். ஓர் உறவு ஆபத்தானதா இல்லையா என்பதை அந்தக் குடும்பத்தின் குணம் தீர்மானிப்பதைவிட, இரு அரசுகளுக்கும் இடையே அந்த ஆண்டு இருக்கும் உறவே பெரிதும் தீர்மானிக்கிறது.

வெளிநாட்டு உறவைப் பார்த்து அரசு அஞ்சுவதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அச்சம் ஒன்றல்ல; வெவ்வேறான மூன்று அச்சங்கள் ஒரே கட்டத்தில் திணிக்கப்பட்டிருக்கின்றன. மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுமோ என்பது ஒன்று. அங்கிருக்கும் உறவினரைப் பிடித்துவைத்து இங்கிருப்பவரை மிரட்டுவார்களோ என்பது இன்னொன்று. பணம், கடிதம், பயணம் என்று ஏற்கெனவே திறந்திருக்கும் வழியை ஓர் உளவு நிறுவனம் பயன்படுத்திக்கொள்ளுமோ என்பது மூன்றாவது. மிரட்டல் அச்சத்துக்கு உறவினர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது முக்கியம்: சட்டத்துக்குக் கட்டுப்படாத அரசின் கீழ் இருப்பவரைத்தான் பணயமாகப் பிடிக்க முடியும். மனச்சாய்வு அச்சத்துக்கு நாடு பெரிய விஷயமில்லை, ஆளின் வாழ்க்கைதான் சாட்சி. வழி பற்றிய அச்சத்துக்கு ரத்த உறவு அவசியமே இல்லை. இரண்டாவது சந்திப்பிலேயே நண்பராகிவிடும் வியாபாரி போதும். சவூதி அரேபியாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் அண்ணனுக்கும், அயல்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்தில் சம்பளம் வாங்கும் மைத்துனருக்கும் ஒரே கட்டத்தில் ஒரே குறி விழுந்தால், மூன்று அச்சங்களில் எதற்கும் அது பதிலாகாது.

நடந்த துரோகங்களைத் திரும்பிப் பார்த்தால், உறவுக்கு நாம் கொடுக்கும் எடை மிகை என்றே தோன்றுகிறது. 1985 ஜனவரியில் டெல்லியை உலுக்கிய உளவு வழக்கில், பிரதமர் அலுவலகத்து ரகசியக் கோப்புகள்கூடக் கைமாறின. நடுவில் இருந்த கூமர் நாராயண், மும்பை நிறுவனம் ஒன்றின் டெல்லிப் பிரதிநிதி. கோப்பைக் கொடுத்த அரசு ஊழியர்களுக்குக் கைமாறாகக் கிடைத்தவை பணமும் மதுபாட்டில்களும். வெளிநாட்டு மாமனோ மச்சானோ அங்கே தேவைப்படவில்லை. 2010-ல் கைதாகி 2018-ல் தண்டிக்கப்பட்ட மாதுரி குப்தா, இஸ்லாமாபாத் இந்தியத் தூதரகத்தில் பணியாற்றியவர்; அவரைக் கவர்ந்ததாக வழக்கில் சொல்லப்பட்டது நெருக்கமான பழக்கம். அமெரிக்கக் கடற்படை ரகசியங்களை விற்ற ஜான் வாக்கரும், எஃப்.பி.ஐ.க்குள்ளேயே இருந்து 2001-ல் பிடிபட்ட ராபர்ட் ஹான்சனும் பணத்துக்காக விற்றவர்கள். அதே 2001-ல் கைதான ஆனா மோன்டெஸ் இன்னும் பாடமாக நிற்கிறார். பல ஆண்டுகள் கியூபாவுக்கு உளவு சொன்ன அவரது குடும்பம் போர்ட்டோரிக்கோவைச் சேர்ந்தது, கியூபாவைச் சேர்ந்ததல்ல. அவரது தம்பியும் தங்கையும் எஃப்.பி.ஐ.யில் வேலை பார்த்தவர்கள். குடும்ப விவரக் கட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் அவரைவிட நம்பகமானவர் வேறு யாரும் இல்லை. கடன், மனக்கசப்பு, பதவி உயர்வு கிடைக்காத ஆத்திரம், தனிமை, தன்னைவிடக் கெட்டிக்காரன் கிடையாது என்ற மமதை ஆகியவைதான் இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றில் எதற்கும் அட்டெஸ்டேஷன் ஃபார்மில் கட்டம் இல்லை.

எதிர்ச் சான்றும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. ‘ரா’ அமைப்பின் இணைச் செயலர் மட்டத்தில் இருந்த ரவீந்தர் சிங் 2004-ல் நேபாளம் வழியாக அமெரிக்காவுக்குத் தப்பினார். அவருக்கு அமெரிக்காவில் நெருங்கிய உறவினர்கள் இருந்ததாக அப்போதே செய்திகள் வந்தன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக காதரின் ஹெர்பிக் செய்த ஆய்வுகள் 1947-லிருந்து அந்நாட்டில் நடந்த உளவு வழக்குகளைத் தொகுத்தன. 1990-க்குப் பிறகு பணத்தாசை பின்னுக்குப் போய், இரு நாட்டுப் பற்றுக்கு நடுவே கிழிந்த மனம் முன்னுக்கு வருவதை அவை காட்டுகின்றன. உலகமயமான காலத்தில் வெளிநாட்டு உறவு உள்ளவர்களின் பங்கு அந்த வழக்குகளில் கூடியிருக்கிறது. இதை வைத்து, ‘பார்த்தீர்களா, உறவுதான் ஓட்டை’ என்று சொல்வார்கள். ஆனால் கூடவே இன்னொன்றும் கூடியிருக்கிறது: வெளிநாட்டு உறவு உள்ளவர்களின் மொத்த எண்ணிக்கை. பிடிபட்டவர்களில் எத்தனை பேருக்கு உறவு இருந்தது என்று எண்ணுகிறோம். உறவு இருந்தும் முப்பது வருடம் வாய் திறக்காமல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை யாரும் எண்ணுவதில்லை. ரவீந்தர் சிங் விஷயத்திலும் உறவு இருந்தது துறைக்குத் தெரியாத ரகசியம் என்று சொல்ல முடியாது. தனக்குச் சம்பந்தமில்லாத கோப்புகளைச் சக அதிகாரிகளிடம் அவர் கேட்டு வாங்கியதும், கண்காணிப்பில் இருந்தபோதே தப்ப முடிந்ததும்தான் அங்கே நடந்த தோல்வி. உறவைக் குறித்து வைத்துக்கொண்டு நடத்தையைக் கோட்டைவிட்ட கதை அது.

தொடர்பையே குற்றமாகப் படிக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழ் வாசகருக்குத் தெரிந்த உதாரணம் நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன். 1994 நவம்பர் 30 அன்று அவர் கைதானார். மாலத்தீவுப் பெண்கள் இருவர் வழியாக இஸ்ரோ ரகசியங்கள் வெளியே போயின என்பது கதை. 50 நாள் சிறை. 1996-ல் சி.பி.ஐ. எல்லாம் பொய் என்று சொன்னது. 1998-ல் உச்ச நீதிமன்றம் மறுவிசாரணையைத் தடுத்தது. 2018 செப்டம்பரில் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. கிரையோஜெனிக் எஞ்சின் திட்டத்தின் தலைவராக இருந்த ஒருவருக்கு அந்த வருடங்கள் திரும்ப வராது, இந்திய விண்வெளித் திட்டத்துக்கும் வராது. அது குடும்ப உறவு வழக்கல்ல, உண்மைதான். ஆனால் அதற்குள் ஓடிய தர்க்கம் இதேதான்: வெளிநாட்டவர் ஒருவர் பக்கத்தில் இருந்தார், ஆகவே ஏதோ நடந்திருக்கும். இந்தத் தர்க்கத்துக்குச் சட்டத்திலேயே ஒரு வேர் இருக்கிறது. 1923-ல் வெள்ளையர் அரசு இயற்றிய அரசு ரகசியச் சட்டத்தின் 4-வது பிரிவு, அந்நிய ஏஜென்ட்டோடு தொடர்பு வைத்திருப்பதையே சாட்சியமாக எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அப்படிப்பட்டவரின் முகவரி ஒருவரிடம் இருந்தாலே தொடர்பு இருந்ததாகக் கொள்ளலாம் என்கிறது. குடிமக்களை நம்பாத ஓர் ஆட்சி எழுதிய சட்டம் அது. நூறு ஆண்டு கழித்தும் நம் சரிபார்ப்பு மனநிலை அதன் நிழலிலிருந்து வெளியே வரவில்லை.

இதில் தமிழருக்கென்று தனியாக ஒரு வலியும் உண்டு. பல குடும்பங்களுக்கு வெளிநாட்டு உறவை ஏற்படுத்திக் கொடுத்தது அவர்களின் விருப்பம் அல்ல, அரசுகளின் கையெழுத்து. 1964 அக்டோபரில் சிரிமாவோவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. விட்டுப்போன 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் ஒரு பட்டியலிலும் தங்கை இன்னொரு பட்டியலிலுமாகக் குடும்பங்கள் பிளந்தன. அப்படித் தாயகம் திரும்பிய குடும்பத்துப் பேரனோ பேத்தியோ மத்திய அரசு வேலைக்கு மனு செய்யும்போது, அப்பா பிறந்த ஊர் என்ற கட்டத்தில் நுவரெலியா என்று எழுத வேண்டியிருக்கிறது. பர்மாவில் 1964-ல் நெ வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியதும் கையில் பெட்டியோடு கப்பல் ஏறியவர்களின் வாரிசுகளுக்கும் இதே நிலைதான். அரசே போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுபோன ஒரு சித்தியை, அரசே சந்தேகக் குறியாகப் படிப்பது அநியாயம். அநியாயம் என்பதோடு, பயனற்றதும்கூட: ஹட்டன் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் ஒரு கிழவியின் வழியாக டிராம்பே ரகசியம் எதுவும் போகப் போவதில்லை.

உறவைத் தனித்தனியாக எடைபோட அரசுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும், மேலே இருப்பவர்களுக்கு அதைச் செய்தும் இருக்கிறது. பம்பாயில் நிருபராக வேலை பார்த்து, பிறகு வெளியுறவுப் பணியில் சேர்ந்த கே. ஆர். நாராயணன் பர்மாவைச் சேர்ந்த பெண்ணை 1951-ல் மணந்தார். வெளியுறவு அதிகாரி வெளிநாட்டவரை மணக்கத் தடை இருந்ததால் நேருவின் சிறப்பு அனுமதி வேண்டியிருந்தது, கிடைத்தது. அதே நாராயணன் 1976-ல் சீனாவுக்குத் தூதரானார், 1997-ல் குடியரசுத் தலைவர் ஆனார். தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். ஜெய்சங்கரின் மனைவி ஜப்பானில் பிறந்தவர். ஜெய்சங்கர் வெளியுறவுச் செயலராகவும் பிறகு அமைச்சராகவும் ஆவதற்கு அது தடையாகவில்லை, ஆகவும் கூடாது. டிராம்பேயின் வரலாறே இப்படித்தான். ஹோமி பாபா கேம்பிரிட்ஜில் படித்தவர். வெளிநாடுகளில் இருந்த இளைஞர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சேர்த்தவர். பின்னாளில் மையத்தின் இயக்குநரான பி. கே. ஐயங்கார் கனடாவின் சாக் ரிவரில் பயிற்சி பெற்றார். இவர்களுக்கெல்லாம் வெளிநாட்டுத் தொடர்பு என்பது தகுதியின் ஒரு பகுதி. ஆனால் இதே நுணுக்கம் ஸ்டைபெண்டரி டிரெயினியாகச் சேர வரும் டிப்ளமோ படித்த இளைஞருக்குக் கிடைக்குமா? அவரது கோப்பைப் பார்ப்பவர் அவரை அறிந்தவர் அல்ல. தாராவியில் 90 அடி ரோட்டை ஒட்டிய சந்தில் வீடு, ஷார்ஜாவில் அண்ணன், பெயர் முஸ்லிம் பெயர் என்று மூன்றும் சேர்ந்து கண்ணில் படும்போது, எழுதப்பட்ட அளவுகோல் இல்லாத இடத்தில் பழக்கமும் முன்முடிவும்தான் அளவுகோலாகும். மாட்டுங்கா முகவரியும் நியூ ஜெர்சி அக்காவும் ஒரு மாதிரி படிக்கப்படும்; தாராவி முகவரியும் வளைகுடா அண்ணனும் வேறு மாதிரி படிக்கப்படும். இந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பது அளவுகோல் இல்லாமைதான். உளவுத்துறை 2005-ன் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டிருப்பதால் வெளியிலிருந்து எவரும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. பெண் என்பதே ஒருகாலத்தில் இப்படியொரு குறியாக இருந்தது. வெளியுறவுப் பணியில் இருக்கும் பெண் திருமணத்துக்கு முன் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும் என்ற விதியை சி. பி. முத்தம்மா எதிர்த்து வழக்காடினார். 1979-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதியின் அநீதியைப் பச்சையாக எடுத்துக்காட்டினார். கணவன் வழியாக ரகசியம் போகும், மனைவி வழியாகப் போகாது என்று ஓர் அரசு பல வருடம் நம்பியிருந்தது என்பதை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

பதிலுக்கு என்ன எடை என்று தெரியாத கேள்வி இன்னொரு கேட்டையும் செய்கிறது: மறைக்கச் சொல்லித் தருகிறது. ‘எதுக்கு வீண் வம்பு, அண்ணன் ஊர்ல இருக்கான்னே எழுதிடு’ என்று சொல்ல நல்ல மனசுக்காரர் ஒருவர் எந்தத் தெருவிலும் கிடைப்பார். பொய்த் தகவலோ மறைப்போ வேலையையே இழக்கச் செய்யும் என்று அந்தப் படிவத்தின் தலையிலேயே எச்சரிக்கை உண்டு. அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் மறைத்த விஷயம் எவ்வளவு கனமானது, அந்த வேலைக்கு எவ்வளவு பொருத்தமானது என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்றது. அது பெரும்பாலும் குற்ற வழக்குகளை மறைத்தவர்களைப் பற்றிய தீர்ப்பு என்றாலும் அதன் நியாயம் இங்கும் பொருந்தும். பாதுகாப்பின் கண்ணால் பார்த்தால் இதில் ஒரு பெரிய முரண் இருக்கிறது. ஷார்ஜா அண்ணனை வைத்து எவரும் மிரட்ட முடியாது. ஷார்ஜா அண்ணனை மறைத்தவரை மிரட்டலாம்: ‘நீ எழுதாமல் விட்டது எனக்குத் தெரியும்.’ இல்லாத பிடியை விதியே உண்டாக்கித் தருகிறது.

கேட்கும் நேரமும் தவறு. அந்தப் படிவத்தை நிரப்புகிறவருக்கு வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்று. பெரும்பாலும் திருமணமே ஆகியிருக்காது. பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்கிறார்களா என்ற கட்டம் காலியாகவே போகும். அவருக்குத் தெரிந்த ரகசியமும் அன்று ஏதுமில்லை. இருபத்தைந்து வருடம் கழித்து அவர் ஒரு பிரிவின் தலைவர். மகள் மேற்படிப்புக்குப் போய் அங்கேயே வேலைக்குச் சேர்ந்திருப்பார், மருமகன் வேறு நாட்டுக் குடிமகனாக இருக்கலாம், வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கலாம். கவனிக்க வேண்டிய உறவுகளும் நெருக்கடிகளும் உருவாகும் காலம் அதுதான். வெளிநாட்டவரை மணந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1964-ன் நடத்தை விதிகள் சொல்கின்றன, சொந்தப் பயணத்துக்கும் அனுமதி கேட்க வேண்டும். ஆனால் இவை துண்டு துண்டான காகிதங்கள். நுழைவாசலில் இளைஞரைச் சல்லடை போட்டுச் சலிக்கும் முறை, உள்ளே பல ஆண்டு இருந்தவரின் மாறிய வாழ்க்கையை அதே அக்கறையோடு பார்ப்பதில்லை. மேலே சொன்ன உளவாளிகளில் மோன்டெஸைத் தவிர மற்றவர்களை வேலையில் சேர்ந்த அன்றே துரோகிகளாக இருந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலோர் நடுவழியில் திரும்பியவர்கள்.

இங்கே எழும் வலுவான மறுப்பு ஒன்று: காரணத்தை எழுதிக் கொடுத்தால் தகவல் எங்கிருந்து வந்தது என்பதும் வெளியே வந்துவிடும், நாட்டின் பாதுகாப்பு என்று வந்தபின் வாதப் பிரதிவாதத்துக்கு இடமில்லை. நீதிமன்றங்கள் இதை ஏற்றதும் உண்டு. விமான நிலையத் தரைச்சேவை நிறுவனம் ஒன்றின் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்புக் காரணம் இருப்பது தெளிவானால் முன்னறிவிப்பையும் விளக்கம் கேட்பதையும் வற்புறுத்த வேண்டியதில்லை என்றது. 2025 மே 15 அன்று துருக்கி நிறுவனமான செலெபியின் பாதுகாப்பு அனுமதி ரத்தானபோது மும்பை விமான நிலையத்தில் அதன் வேலைகள் ஒரே நாளில் கைமாற நேர்ந்தது; நிறுவனத்தின் மனுவை ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எனினும் நீதியின் இன்னொரு ஓடை வேறு பக்கம் ஓடுகிறது. பாதுகாப்பு அனுமதி மறுக்கப்பட்ட மீடியாஒன் தொலைக்காட்சியின் வழக்கில் 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம், தேசப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டாலே இயற்கை நீதி ஓடிவிடாது, எவ்வளவு மறைக்க வேண்டுமோ அவ்வளவுதான் மறைக்கலாம், மூடிய உறையில் நீதிபதிக்கு மட்டும் காட்டுவது தீர்வாகாது என்றது. அதற்கும் நாற்பது வருடம் முன்பே, 1983-ல், காவல்துறை அறிக்கையை வைத்து வேலை பறிக்கப்பட்ட மத்தியப் பிரதேச ஆசிரியர் ஒருவரின் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, போலீஸ்காரர் எழுதும் ரகசிய அறிக்கை ஒரு குடிமகனின் பிழைப்பைத் தீர்மானிக்கும் நிலையைக் கடுமையாகக் கண்டித்தார். உறவு பற்றிய விஷயத்தில் இந்த மறுப்புக்கு இன்னும் வலு குறைவு. ‘உங்கள் மைத்துனர் இன்ன நாட்டு ராணுவத்தில் இருப்பதால்’ என்று எழுதிக் கொடுத்தால் எந்த உளவாளியின் பெயரும் வெளியே வராது. அது விண்ணப்பதாரரே எழுதிக் கொடுத்த தகவல். அமெரிக்காவில் பாதுகாப்பு ஒப்பந்த நிறுவன ஊழியர்களின் மேல்முறையீட்டு முடிவுகளைப் பெயரை நீக்கிவிட்டுப் பொதுவில் வெளியிடுகிறார்கள். இந்தியாவில் பெற்றோர் இருக்கும் ஊழியர்களின் வழக்குகள் அவற்றில் ஏராளம். அதனால் அந்நாட்டுக் கோட்டை எதுவும் சரிந்துவிடவில்லை.

கடைசியாகச் சொல்லப்படுவது முன்னெச்சரிக்கை வாதம். ஒரே ஒரு துரோகி போதும், நாடு தலைமுறைக்கும் அனுபவிக்கும். பத்து நல்லவர்களை வெளியே நிறுத்துவதால் என்ன பெரிய நஷ்டம்? நஷ்டம் உண்டு. அதைக் கணக்கில் எழுத யாரும் இல்லாததால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே. சீனாவில் பிறந்து அமெரிக்காவில் ராக்கெட் ஆராய்ச்சியின் முன்னணியில் இருந்த சியான் சுவேசனின் பாதுகாப்பு அனுமதியைக் கம்யூனிஸ்ட் தொடர்பு என்ற சந்தேகத்தில் 1950-ல் பறித்தார்கள். ஐந்து வருடம் கண்காணிப்பில் வைத்து 1955-ல் சீனாவுக்கு அனுப்பினார்கள். சீனாவின் ஏவுகணைத் திட்டத்தை எழுப்பியவர் அவர். 1954-ல் ஓப்பன்ஹைமரின் அனுமதியைப் பறித்தபோது மனைவியின், தம்பியின் பழைய அரசியல் உறவுகளும் அவருக்கு எதிராகப் பேசப்பட்டன. அந்த முடிவை அமெரிக்க அரசே 2022 டிசம்பரில் ரத்து செய்தது, அவர் இறந்து ஐம்பத்தைந்து வருடம் கழித்து. எச்சரிக்கை என்ற பெயரில் எடுத்த முடிவு எச்சரிக்கையானதுதானா என்பதையும் சோதிக்க வேண்டும் என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

ஆகவே கேட்கட்டும், இன்னும் விரிவாகவே கேட்கட்டும். உறவினர் எந்த அரசிடம் சம்பளம் வாங்குகிறார், இவருக்கு அங்கிருந்து பணம் வருகிறதா, எவ்வளவு, அங்கே சொத்து உண்டா, அந்த நாட்டு அரசு தன் குடிகளைப் பிடித்துவைத்துப் பேரம் பேசும் பழக்கம் உள்ளதா என்று கேட்கட்டும். எந்தப் பதிலுக்கு என்ன எடை, எது அந்த எடையைக் குறைக்கும் என்று துறைகள் பொதுவில் அச்சிட்டு வெளியிடட்டும். தானாக முன்வந்து சொன்ன உறவுக்காக யாரையும் தண்டிப்பதில்லை, மறைத்த உறவைத்தான் விசாரிப்போம் என்று எழுத்தில் உறுதி வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, பதவி உயர உயர இன்னும் நெருக்கமாக, இதே கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும். இயக்குநரிடமும் கேட்க வேண்டும். பாதகமான முடிவு என்றால் இரண்டு வரியாவது காரணம், பதில் சொல்ல ஒரு மாத அவகாசம், துறைக்கு வெளியே இருந்து பார்க்கும் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர். இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம், நிர்வாக உத்தரவே போதும். செம்பூர், தாராவி, மாட்டுங்கா பிள்ளைகள் அடுத்த வருடமும் டிராம்பேக்கு மனு போடுவார்கள். அவர்களில் பாதிப் பேருக்காவது கடலுக்கு அப்பால் ஒரு சித்தப்பா இருப்பார்.